தகரத்துக்குள் எத்தனை பேர்? இசை நிகழ்ச்சி அமைப்பாளர்களுக்கும் அனுமதி தந்த அதிகாரிகளுக்கும் ஒரு திறந்த மடல்

சென்னைக்கு வெளியே அந்தப் புறநகர் மைதானத்தில் ராக் இசை நிகழ்ச்சியை நடத்திய அமைப்பாளர்களுக்கும், அதற்கு அனுமதி அளித்த அதிகாரிகளுக்கும்,

மேடை முன் நெரிசலில் ஆட்கள் மயங்கியது பற்றி நிகழ்ச்சிக்கு மறுநாள் நீங்கள் வெளியிட்ட அறிக்கையைப் படித்தேன். ரசிகர்களின் அளவுகடந்த உற்சாகத்தால் சிலருக்கு அசௌகரியம் ஏற்பட்டதாம், வருந்துகிறீர்களாம். அதோடு விட்டிருந்தால்கூட பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்திருப்பேன். இந்த வாரம் அதே மைதானத்தில், அதே வரைபடத்தோடு, அடுத்த நிகழ்ச்சிக்கு டிக்கெட் விற்க ஆரம்பித்துவிட்டீர்கள். மேடைக்கு முன்னால் அதே ஃபேன் பிட், அதற்குப் பின்னால் அதே கோல்டு, அதற்கும் பின்னால் சில்வர். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், ஒரு விலை. வாசல்கள் எங்கே என்று மட்டும் அந்தப் படத்தில் இல்லை. போன தடவையும் இல்லை.

ஃபேன் பிட்டில் நின்றவன் நான். உங்கள் அறிக்கையில் இல்லாததைச் சொல்கிறேன்.

மேடையை ஒட்டி நின்று பார்க்கும் அந்த இடத்துக்குத்தான் அதிக விலை வைத்திருந்தீர்கள். முன்பக்கம் இரும்புத் தடுப்பு. இடமும் வலமும் சவுக்குக் கட்டை நட்டு அடித்த தகர ஷீட். பின்பக்கமும் ஆளுயரத் தகரம், கோல்டு டிக்கெட்காரர்கள் ஏறிக் குதித்துவிடக் கூடாது என்று. உள்ளே போக, பின்மூலையில் ஒரே ஒரு வழி. அகலம் ஏறக்குறைய இரண்டு மீட்டர் இருக்கும். வெளியே வரவும் அதே வழிதான். நான்கு பக்கமும் அடைத்த ஒரு பெட்டிக்குள் எங்களை நிற்க வைத்தீர்கள். பாதுகாப்புக்காகக் கட்டியிருந்தால் அதை யாரும் அப்படிக் கட்டியிருக்க மாட்டார்கள். காசைப் பார்த்து ஆளைப் பிரிக்கக் கட்டிய தகரம் அது.

மூன்று மணிக்குக் கேட்டைத் திறந்தீர்கள். பையைத் துழாவித் தண்ணீர் பாட்டில்களைப் பிடுங்கி ஓரமாகப் போட்டார்கள். அந்தக் குவியல் என் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்திருந்தது. பாட்டிலை மேடையை நோக்கி வீசிவிடுவார்கள் என்பது காரணமாம். சரி, நியாயம்தான். அப்படியானால் உள்ளே ஒரு குழாயாவது வைக்க வேண்டாமா? தண்ணீர் விற்ற கடைகள் இரண்டுமே பெட்டிக்கு வெளியே இருந்தன. ஆறு மணிக்கு மேல் வெளியே போனால் திரும்ப உள்ளே விட மாட்டோம் என்று வழியில் நின்ற ஆட்கள் சொல்லிவிட்டார்கள். வெயிலில் நாலு மணி நேரம் காத்து நின்றவர்கள் இடத்தை விடுவார்களா? நாக்கு வறண்டாலும் அப்படியே நின்றோம்.

ஆறரை வரைக்கும் ஒன்றும் பிரச்சினை இல்லை. தரையில் உட்கார்ந்து அரட்டை அடிக்கக்கூட இடம் இருந்தது. அதற்குப் பிறகுதான் கதை மாறியது. அத்தனை பேர் கூடிய இடத்தில் செல்போன் சிக்னல் படுத்துவிட்டது. டிக்கெட்டின் கியூஆர் கோடை ஸ்கேன் செய்யும் கருவிகளும் அதோடு படுத்தன. வெளியே வரிசை நீண்டுகொண்டே போனது. உங்கள் ஆட்கள் கைப்பட்டை கட்டுவதை நிறுத்திவிட்டு, போன் திரையைக் கண்ணால் பார்த்து ஆட்களை அனுப்பினார்கள். கோல்டு டிக்கெட்டை வைத்துக்கொண்டு உள்ளே வந்தவர் ஒருவர் என் பக்கத்திலேயே நின்றார். தன் அதிர்ஷ்டத்தை அவராலேயே நம்ப முடியவில்லை. அப்புறம் ஓசி பாஸ் கூட்டம் வந்தது. கழுத்தில் அட்டை தொங்க, பவுன்சர் ஒருவர் முன்னால் வழிவிலக்க, "நம்ம சார் ஆளுங்க, விடு" என்ற ஒரே வார்த்தையில் பத்துப் பதினைந்து பேராக உள்ளே வந்துகொண்டே இருந்தார்கள். அந்த வழியில் யாராவது ஆளை எண்ணினார்களா? நான் பார்த்தவரை இல்லை. எண்ணும் கருவி எதையும் யார் கையிலும் காணவில்லை.

முதல் பாட்டின் கிதார் ஒலித்ததும் பின்னால் இருந்தவர்கள் முன்னால் வந்தார்கள். எந்த ஊர் ராக் நிகழ்ச்சியிலும் நடப்பதுதான் இது. அதற்கு இடம் கொடுத்துத்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். இரண்டாவது பாட்டுக்குள் என் கைகள் என் வசத்தில் இல்லை. மேலே தூக்கியிருந்த கை மேலேயே நின்றது, கீழே இருந்த கையை மேலே எடுக்க முடியவில்லை. மூச்சை வெளியே விட்டால் அந்த இடைவெளியையும் பக்கத்து உடம்பு நிரப்பிவிடும். அடுத்த மூச்சு முன்னதைவிடக் குட்டையாக வரும். கூட்டம் இடப்பக்கம் சாய்ந்தால் நானும் சாய்ந்தேன், என் கால்கள் கேட்காமலே. எனக்கு முன்னால் நின்ற கல்லூரிப் பெண் ஒருத்தி தலையை அண்ணாந்து வானத்தைப் பார்த்தபடியே நின்றாள். காற்று அங்கேதான் இருந்தது. அவளுடைய கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கி உதட்டுக்கு வந்துவிட்டது, அதைச் சரிசெய்ய அவளுக்குக் கை இல்லை.

மூன்றாவது பாட்டின் நடுவில் பாடகர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். டிரம்மர் கவனிக்காமல் இன்னும் நாலு அடி அடித்துவிட்டு நிறுத்தினார். பாடகர் மைதான விளக்குகளைப் போடச் சொல்லி, எல்லோரும் பின்னால் இரண்டு அடி நகருங்கள் என்று கேட்டுக்கொண்டார். நல்ல மனிதர். ஆனால் எங்கே நகர்வது? பின்னால் தகரம். கடைசி வரிசையில் நின்றவர்கள் அந்தத் தகரத்தைக் கையால் அடிக்கும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. தகரத்துக்கு அந்தப் பக்கம், கோல்டு பகுதியின் முன்பாதியில் தாராளமாக இடம் இருந்ததாக அங்கே நின்ற என் நண்பன் பிறகு சொன்னான்.

எங்களைக் காப்பாற்றியது உங்கள் ஏற்பாடு இல்லை. முன் தடுப்பில் நின்ற பவுன்சர் தம்பி ஒருவன் இருந்தான், இருபது வயதுகூட இருக்காது, தமிழும் அவ்வளவாக வராது. மயங்கியவர்களை அக்குளில் கை கொடுத்துத் தடுப்புக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் இறக்கினான். நடுநடுவே ஒரு தண்ணீர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து, பாட்டில் மூடியில் ஊற்றி முன்வரிசைக்காரர்களின் வாயில் விட்டான். கறுப்புச் சட்டை போட்ட மேற்பார்வையாளர் ஒருவர் வந்து, அது மேடைக்கு வைத்த கேன் என்று சத்தம் போட்டு வாங்கிக்கொண்டு போனார். இதை என் கண்ணால் பார்த்தேன். அந்தத் தம்பிக்கு நீங்கள் என்ன சம்பளம் கொடுத்தீர்களோ தெரியாது. இந்தக் கடிதத்தால் அவன் வேலைக்கு ஆபத்து வந்தால் அது உங்கள் பெயரில்தான் சேரும்.

ரசிகர்களின் உற்சாகம் என்று நீங்கள் சொல்வதுதான் எல்லாவற்றையும்விட அதிகமாகக் குத்துகிறது. ராக், மெட்டல் என்றாலே முடியை வளர்த்துக்கொண்டு ஒருவரையொருவர் இடித்துத் தள்ளும் கூட்டம் என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கலாம். நிகழ்ச்சி நடத்தும் நீங்களுமா? மோஷ் பிட்டில் நாங்கள் மோதிக்கொண்டுதான் ஆடுவோம். அதற்கும் எழுதாத சட்டம் உண்டு. ஒருவர் விழுந்தால் சுற்றியிருப்பவர்கள் ஆட்டத்தை நிறுத்தித் தூக்கிவிடுவார்கள். கழன்ற ஷூ யார் கையில் கிடைத்தாலும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவார்கள், உரியவர் வந்து வாங்கிக்கொள்ளும் வரை. அன்று அந்தக் கண்ணாடிக்காரப் பெண்ணைத் தலைக்கு மேலே தூக்கி, கைமாற்றிக் கைமாற்றி முன்தடுப்புக்குக் கொண்டுபோனது முன்பின் தெரியாத பையன்கள். மோஷ் பிட் ஆட அங்கே இடமே இல்லை என்பது வேறு விஷயம்.

இந்த ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் புதிதும் இல்லை. 2007 மார்ச் 17 அன்று பெங்களூரு அரண்மனை மைதானத்தில் பிரிட்டனின் மெட்டல் குழு அயர்ன் மெய்டன் வந்தபோது சென்னையிலிருந்து ரயிலேறிப் போன கூட்டத்தில் நானும் ஒருவன். 2009-ல் ஐஐடி மெட்ராஸின் சாரங் கலைவிழாவுக்கு ஸ்வீடனிலிருந்து ஓபெத் என்ற மெட்டல் குழு வந்தது. 2011 அக்டோபர் 28 அன்று குர்கானில் அமெரிக்க மெட்டல் குழு மெட்டாலிகாவின் நிகழ்ச்சி பாதுகாப்புக் காரணங்களால் நின்றுபோனது, ஆத்திரத்தில் சிலர் மேடையில் ஏறிப் பொருட்களை உடைத்தார்கள். எல்லோரும் ரசிகர்களைத் திட்டினார்கள். இரண்டே நாள் கழித்து, 30-ஆம் தேதி, அதே இசைக்குழு பெங்களூரில் முழு நிகழ்ச்சியையும் வாசித்துவிட்டுப் போனது. நடுவில் இருந்தது ஒரே ஒரு நாள். அதற்குள் இந்திய மெட்டல் ரசிகனின் குணம் மாறிவிட்டதா என்ன?

ரசிகர்கள் மேல் பழி போடுவது உலகம் முழுக்க உள்ள பழைய பழக்கம். 1979 டிசம்பர் 3 அன்று அமெரிக்காவின் சின்சினாட்டியில் த ஹூ குழுவின் நிகழ்ச்சிக்கு உள்ளே நுழையும்போதே 11 இளைஞர்கள் நெரிசலில் இறந்தார்கள். வெறிபிடித்த கூட்டம் மிதித்துக் கொன்றது என்று செய்தி போனது. வெளியே ஆயிரக்கணக்கானவர்கள் நிற்க, சில கதவுகளை மட்டும் திறந்து வைத்திருந்தது பிறகுதான் பேச்சுக்கு வந்தது. 2021 நவம்பர் 5 அன்று அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஆஸ்ட்ரோவேர்ல்டு இசை விழாவில் இறந்த 10 பேரில் யாரும் மிதிபட்டுச் சாகவில்லை. உடம்பு அழுத்தப்பட்டு மூச்சு விட முடியாமல் இறந்தார்கள் என்பது மருத்துவப் பரிசோதனை முடிவு. மேடைக்கு முன்னால் மூன்று பக்கம் தடுப்பு கட்டிய ஒரு பகுதிக்குள்தான் அவர்களில் பெரும்பாலோர் நின்றிருந்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு உங்கள் வரைபடம்தான் ஞாபகத்துக்கு வந்தது. உங்கள் பெட்டிக்கு நாலாவது பக்கமும் இருந்தது.

தடுப்பே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. டென்மார்க்கின் ரோஸ்கில்டே இசை விழாவில் 2000 ஜூன் 30 அன்று பேர்ல் ஜாம் குழு வாசித்துக்கொண்டிருந்தபோது மேடை முன் நெரிசலில் 9 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அங்கே மேடைக்கு முன்னால் தனிப் பகுதிகள் அமைத்து, இத்தனை பேர்தான் என்று எண்ணி விட ஆரம்பித்தார்கள். பின்னாலிருந்து வரும் தள்ளுமுள்ளு முன்வரிசையில் போய் இறங்காமல் தடுக்கக் கட்டியது அது. கம்பி அதே கம்பிதான், கட்டுகிறவருக்கு எதைக் காப்பாற்ற வேண்டும் என்பதில்தான் வித்தியாசம்.

கணக்கும் ஒன்றும் ரகசியம் இல்லை. திறந்தவெளி இசை நிகழ்ச்சிகளில் நின்று பார்ப்பவருக்குப் பொதுவாக அரை சதுர மீட்டர் என்று வைத்துத்தான் பிரிட்டனின் பாதுகாப்பு வழிகாட்டி கணக்குப் போட்டது. அங்கே விளையாட்டு மைதானங்களுக்கான கிரீன் கைடு, நின்று பார்க்கும் பகுதியில் 10 சதுர மீட்டருக்கு 47 பேருக்கு மேல் கூடவே கூடாது என்கிறது. அதையும் தாண்டி ஒரு சதுர மீட்டருக்கு ஆறு, ஏழு பேர் என்று போனால் தனித்தனி ஆள் என்பதே இல்லை, கூட்டம் மொத்தமாக ஆற்று வெள்ளம்போல நகரும். அன்று நாங்கள் நின்ற நிலை அதுதான்.

வாசலுக்கும் கணக்கு உண்டு. சமதளத்தில் ஒரு மீட்டர் அகல வழியில் நிமிடத்துக்கு 82 பேர் போகலாம், எட்டு நிமிடத்துக்குள் எல்லோரும் வெளியேறிவிட வேண்டும் என்பது அதே கிரீன் கைடின் அளவு. உங்கள் இரண்டு மீட்டர் வழியை இதில் போட்டுப் பாருங்கள். எட்டு நிமிடத்தில் 1,312 பேர். அந்தப் பெட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி, அந்த ஒற்றை வழியை நம்பி அதற்குள் 1,300 பேருக்கு மேல் விட்டிருக்கக் கூடாது. எத்தனை டிக்கெட் விற்றீர்கள்? எத்தனை பாஸ் கொடுத்தீர்கள்? நிகழ்ச்சி முடிந்த பிறகு நான் அந்தத் தகரத்தைத் தாண்டி வெளியே வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நல்லவேளை, அன்று மழை இல்லை, மின்கசிவு இல்லை, யாரும் பதறி ஓடவில்லை.

டிக்கெட்டின் பின்னாலிருக்கும் நிபந்தனைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. காயமோ உயிரிழப்போ ஏற்பட்டால் அமைப்பாளர் பொறுப்பில்லை, வருபவர் சொந்தப் பொறுப்பில் வருகிறார் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். நிகழ்ச்சிக்குப் பிறகு பணம் திரும்பக் கேட்டவர்களுக்கு உங்கள் உதவி மையம் அந்த வரியைத்தான் ஒட்டி அனுப்புகிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் என்று ஒன்றை அடையாளம் காட்டி, அப்படிப்பட்ட நிபந்தனை செல்லாது என்று அறிவிக்க மாநில நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. உங்கள் வக்கீலைக் கேட்டுப் பாருங்கள்.

அனுமதி தந்த அதிகாரிகளே, அமைப்பாளர்களை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போனால் அது பாதிக் கடிதம்தான். அன்று சாலை முழுக்கக் காவலர்கள் நின்றார்கள். கார்கள் வரிசையாகப் போயின, பாராட்ட வேண்டியதுதான். இடைவேளையில் வெளியே போக முடிந்த என் நண்பன் கேட்டில் நின்ற அதிகாரி ஒருவரிடம் உள்ளே நிலைமை சரியில்லை என்று சொன்னான். உள்ளே அவங்க பாத்துப்பாங்க, எங்களுக்கு ரோடுதான் என்பது பதில். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவருக்குக் கொடுத்த உத்தரவு அவ்வளவுதான் போலும். அனுமதி கொடுக்கும்போது அந்தப் பெட்டியின் அளவை யார் பார்த்தது? பின்பக்கத் தகரத்தை யார் பார்த்தது? தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2014-லேயே பெருங்கூட்டங்களைக் கையாள ஒரு வழிகாட்டி வெளியிட்டுவிட்டது. இடத்தின் கொள்ளளவு, உள்வழி, வெளிவழி, அவசர வெளியேற்றம் எல்லாம் அதில் பேசப்பட்டிருக்கின்றன. 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமான சாகசம் பார்க்க வந்த 5 பேர் உயிரிழந்தார்கள். பெங்களூரு சின்னசாமி மைதான வாசலில் 2025 ஜூன் 4 அன்று 11 பேர். கரூரில் அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று 41 பேர். இதற்கு மேலும் முன்னுதாரணம் வேண்டுமா?

இனி, நான் கேட்பவை.

மேடை முன் பகுதியின் நீள அகலத்தையும், அங்கே எத்தனை பேர் நிற்கலாம் என்பதையும், அதில் டிக்கெட் எத்தனை, பாஸ் எத்தனை என்பதையும் விற்பனைக்கு முன்பே வெளியிடுங்கள். வரைபடத்தில் விலை இருக்கும் இடத்திலேயே ஒவ்வொரு வாசலும் அதன் அகலமும் இருக்கட்டும். உள்ளே போகும் ஒவ்வொருவரையும் கருவி வைத்து எண்ணுங்கள். சிக்னல் இல்லாவிட்டாலும் வேலை செய்யும் ஏற்பாடாக அது இருக்க வேண்டும். எண்ணிக்கை நிரம்பியதும் வாசலை மூடுங்கள், "சார் ஆளுங்க" வந்தாலும்.

பின்பக்கத் தகரத்தைக் கழற்றுங்கள். பிரித்தே ஆக வேண்டுமென்றால், உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் கதவுகளை மூன்று பக்கமும் வையுங்கள். ஒவ்வொன்றிலும் நிகழ்ச்சி முடியும்வரை ஒரு ஆள் நிற்கட்டும், அவர் கையில் வாக்கி டாக்கி இருக்கட்டும். நெரிசலைக் கண்டால் பாட்டை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் உள்ள ஒருவர் மேடையோரம் இருக்க வேண்டும். அந்த வேலை பாடகருடையது இல்லை.

தண்ணீரை இலவசமாகக் கொடுங்கள், தடுப்புக்கு உள்ளேயே. 2023 நவம்பரில் ரியோ டி ஜெனிரோவில் டெய்லர் ஸ்விஃப்ட் நிகழ்ச்சிக்குக் கடும் வெயிலில் வந்த 23 வயது ரசிகை இறந்த மறுநாளே, ரசிகர்கள் தண்ணீர் கொண்டுவரத் தடை போடக் கூடாது, உள்ளே இலவசமாகவும் கொடுக்க வேண்டும் என்று பிரேசில் அரசு உத்தரவு போட்டது. சென்னை வெயில் ஒன்றும் அதற்குச் சளைத்ததில்லை.

அதிகாரிகளுக்கு: அனுமதிக் கடிதத்தை அதன் நிபந்தனைகளோடு பொதுவில் போடுங்கள். தகரமும் கட்டையும் அடித்து முடித்த பிறகு, கேட் திறப்பதற்கு முன், நேரில் போய் அளந்து பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். போன நிகழ்ச்சியில் எத்தனை பேர் மயங்கினார்கள், எத்தனை பேர் மருத்துவமனைக்குப் போனார்கள் என்ற கணக்கை அமைப்பாளரிடம் கேட்டு வாங்கி வெளியிடுங்கள்.

இவற்றில் முதல் இரண்டு கோரிக்கைகளாவது நிறைவேறும்வரை அடுத்த நிகழ்ச்சிக்கான ஃபேன் பிட் டிக்கெட் விற்பனையை நிறுத்தி வையுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களில் வேண்டாம் என்பவர்களுக்கு, அந்தப் புக்கிங் கட்டணத்தையும் சேர்த்து, முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஃபேன் பிட் டிக்கெட் வாங்கிய ரசிகன்,
சென்னை